காற்றில் கரையும் குரலைக் கணினியில் காப்போம்

எழுத்துக்கு ஓலை கிடைத்தது. பின்னர் அச்சு வந்தது. பேச்சுக்கோ நெடுங்காலம் புகலிடம் ஏதும் இருக்கவில்லை. ஒலித்த கணத்திலேயே அது காற்றில் கரைந்தது.

நம் பசுவந்தனை வட்டாரத்தில் 'காடு' என்றால் மானாவாரி விளைநிலம். இத்தகைய கரிசல் சொற்களை இடைசெவல் கி. ராஜநாராயணன் அகராதியாகத் தொகுத்தளித்தார். எனினும், அகராதி பொருளைத் தரும். ஒரு சம்சாரி அச்சொல்லை உச்சரிக்கும் இழுப்பையும் அழுத்தத்தையும் தராது. அதற்கு ஒலிப்பதிவே துணை. அக்குரல்களை நாம் வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளிலே கேட்டிருக்கிறோம், பதிந்து வைத்தோமில்லை.

வானொலி என்றும் இருக்கும் என எண்ணுவது பிழை. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பு, 'தமிழோசை' என்னும் பெயரால் நம் இல்லங்களில் ஒலித்து, 2017 ஏப்ரல் 30ஆம் நாளோடு வானொலியில் நின்றுவிட்டது. அதன் சிற்பிகளுள் ஒருவரான சோ. சிவபாதசுந்தரம் எழுதிய 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூல் நிலைத்திருக்கிறது. நூல் நிலைக்கும்; ஒலி, பதிந்தாலன்றி நிலைக்காது.

இன்று வானொலி நிலையங்கள் பல இணையத்திலும் ஒலிக்கின்றன. ஒலி சிறுசிறு தரவுத் துண்டுகளாகக் கணினிக்கு வந்து, ஒலித்தவுடன் நீங்கிவிடுகிறது. அதனை நிலையான கோப்பாக்க இரு வழிகள் உண்டு.

முதலாவது, ஓடையை நேரடியாகச் சேமித்தல். வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருளில் நிலையத்தின் ஓடை முகவரியை இட்டு இதனைச் செய்யலாம். வந்த ஒலி வந்தவாறே தங்கும். இரண்டாவது, கணினியில் ஒலிப்பதை ஆடாசிட்டி போன்ற மென்பொருளால் பதிதல். இதில் கணினி எழுப்பும் பிற ஓசைகளும் கலந்துவிடும். நாம் முதன்முறை ஒலிபெருக்கி அருகே கைப்பேசியை வைத்துப் பதிந்தோம். பேச்சினும் மின்விசிறியின் இரைச்சலே மிகுதியாகக் கேட்டது!

நொடிக்கு 64 கிலோபிட் அளவுள்ள ஓடையில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 29 மெகாபைட் ஆகும். பழைய ஒலிநாடாக்கள் பல பக்கத்துக்கு 30 நிமிடமே கொண்டன. இன்றோ ஒரு கிகாபைட்டில் 30 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். இணைய ஒலி சற்றுப் பிந்தி வருமாதலால், நிகழ்ச்சி முடியும் நேரத்துக்குப் பின்னும் சில நிமிடம் பதிவை ஓடவிடல் வேண்டும். நிலையம், நாள், நிகழ்ச்சி, பேசுவோர் பெயர் ஆகியவற்றைக் கோப்பிலே குறித்தல் இன்றியமையாதது. பெயரற்ற பதிவு, முகப்பேடு இழந்த சுவடியை ஒக்கும். படியொன்றை வேறிடத்திலும் வைத்தல் நலம்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒலிபரப்பைத் தம் சொந்தப் பயனுக்கும், உண்மையான கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்கும் பதிந்துகொள்ள இடமளிக்கிறது. விற்பதும் பரப்புவதும் வேறு; அவற்றுக்கு உரியவர் இசைவு வேண்டும்.

மாணவச் செல்வங்களே! வாரம் ஒரு நிகழ்ச்சியைப் பதியுங்கள். அதில் வரும் வட்டாரச் சொற்களைக் குறித்து வையுங்கள். ஏட்டுச் சுவடி தேடி ஊரூராய் அலைந்தோரால் நமக்கு இலக்கியம் கிட்டியது. நம் காலத்துப் பேச்சைப் பின்வருவோர் கேட்பது நம் கையில் உள்ளது.