பின்தொடை வலுப்பெற எடைப் பயிற்சி

சிங்கப்பூரின் 4.2 கிலோமீட்டர் நீளமுள்ள பொங்கோல் நீர்வழியோரம் ஓடுபவரா நீங்கள்? வேகமாக ஓடும்போது எளிதில் காயப்படுவது பின்தொடைத் தசை. ஜிம்மில் அதையும் கவனியுங்கள்.

• இடுப்பை நிமிர்த்துவதும் முழங்காலை மடக்குவதும் இந்தத் தசைதான். இரண்டு அசைவுக்கும் பயிற்சி தேவை.

• ருமேனியன் டெட்லிஃப்ட்: முழங்காலைச் சற்றே தளர்த்தி, முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னே தள்ளுங்கள். டம்பெல் காலை ஒட்டியே இறங்கட்டும். பின்தொடை நன்றாக இழுபட்டதும் நிமிருங்கள்.

• லெக் கர்ல் (இயந்திரத்தில் முழங்காலை மடக்கும் பயிற்சி): படுத்துச் செய்வதைவிட உட்கார்ந்து செய்தால் தசை அதிகம் நீளும், பலனும் கூடும்.

• எடையை இறக்க 3 வினாடி எடுத்துக்கொள்ளுங்கள்.

• 8 முதல் 12 முறை, 3 சுற்று, வாரம் 2 நாள். 12 முறை சுலபமானதும் எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

• சுருக்கென்று வலித்தால் உடனே நிறுத்துங்கள்.