அச்சமும் அஞ்சாமையும்

மெய்ப்பாடு எட்டனுள் அச்சமும் ஒன்றென்று தொல்காப்பியம் கூறும். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என அதன் நிலைக்களன் நான்கு. இவை முன்னின்று வருத்துவன. நம்மனோரை நாடோறும் அலைப்பதோ இன்னும் வாராததனைப் பற்றிய அச்சம். 'நோய் வருமோ, கைப்பொருள் குறையுமோ, வெளியூர் சென்ற மகன் நலமே திரும்புவனோ' என நள்ளிரவில் விழித்திருந்து நடுங்குவாரும், பூட்டிய கதவை மும்முறை எழுந்து பார்ப்பாரும் நம்முட் பலர். இவ்வச்சம் தோன்றுமாறும் நீங்குமாறும் ஈண்டு ஆராய்வாம்.

எல்லா அச்சமும் தீதன்று. அஞ்சவேண்டுவனவற்றிற்கு அஞ்சுதல் அறிவின்பாற்படுமென்பது திருக்குறள் அறிவுடைமை அதிகாரத்தாற் பெறப்படும். பாம்பைக் கண்டு விலகுதலும், நோய்க்கு மருந்துண்டலும், இரவிற் கதவடைத்தலும் வேண்டுவனவே. ஒரு செயலைத் தூண்டி அச்செயலோடு ஒழிவது தக்க அச்சம். செய்யக்கடவது யாதும் இல்லாதபோழ்தும் ஒழியாது நிற்பது தகாத அச்சம்.

பின்னையதற்கு வேர் யாதெனின், ஆணவமலத்தின் மறைப்பால் விளையும் யான் எனது என்னுஞ் செருக்கேயாம். உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது. உடம்பும் பொருளும் மாயையின் காரியமாதலின் நிலையில்லாதன. அவற்றைச் சார்ந்த உயிரும் அவற்றோடு அலைகின்றது. ஆற்றில் மிதந்தோடுங் கட்டையைப் பற்றினான் அதனொடு சுழல்வன். கரையில் நின்ற மரத்தின் வேரைப் பற்றினான் நிலைபெறுவன்.

அற்றேல், இறைவனைச் சார்ந்தார்க்குத் துன்பம் வாராதோவெனின், அங்ஙனங் கூறுதல் சித்தாந்தமன்று. எடுத்த உடம்பு உள்ளளவும் பிராரத்தம் நுகர்ந்தே கழியும். திருநாவுக்கரசு நாயனார்க்குச் சூலைநோய் வந்தது. பின்னர் நீற்றறையும், நஞ்சும், யானையும், கல்லொடு கடலும் வந்தன எனப் பெரியபுராணம் கூறும். ஆயினும், நீற்றறையுட் புகுமுன்னரே, அரசனாணை கொண்டுவந்த அமைச்சர்க்கு மறுமாற்றத் திருத்தாண்டகத்தை அருளிச்செய்தார். எனவே, அச்சம் முன்னரே நீங்கிற்று. இடர் பின்னரே நீங்கிற்று. இம்முறையை உற்றுநோக்குதல் வேண்டும். நாமோ, இடர் நீங்கியபின் அச்சம் நீங்குமெனக் காத்திருக்கின்றோம். ஓரிடர் நீங்க வேறோரிடர் வருதலின், அஞ்சாத நாளொன்று நமக்கு வாய்ப்பதேயில்லை.

மாணிக்கவாசக சுவாமிகளும் அச்சப்பத்தில், அரவு முதலாக உலகர் அஞ்சுவன பலவற்றிற்குத் தாம் அஞ்சாமையைக் கூறி, இறைவன்பால் அன்பிலாரைக் காணின் அஞ்சுதலையும் உடன் கூறினார். ஈண்டு அச்சம் அழிக்கப்பட்டிலது. உரிய இடத்தில் வைக்கப்பட்டது.

இனி, நாடோறும் கைக்கொள்ளுமாறு கூறுதும். அச்சம் எழும்போது, 'இதற்கு இன்று செய்யக்கடவது உண்டோ' என முதலில் வினவுக. உண்டேல், அதனைத் தாழாது செய்க. இல்லையேல், திருநீறணிந்து, திருவைந்தெழுத்தை மூச்சோடு இயைய விரையாது கணிக்க. கூத்தப்பெருமானது அமைத்த திருக்கரத்தை உள்ளத்திருத்துக. காத்தற்றொழில் அக்கரத்ததென உண்மைவிளக்கம் உணர்த்தும். நம்மினும் அஞ்சியிருப்பார் ஒருவர்க்குத் துணையாய்ச் சென்று நிற்க. சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரம் உணர்த்தும் இறைபணி நிற்றற்கு அதுவும் ஒரு வாயிலாம். தன்னை மறந்து பணியில் நின்றானுக்குத் தன்பொருட்டு நடுங்க நேரமில்லை. நடுக்கம் ஊணும் உறக்கமுங் கெடுமாறு நீடிக்குமாயின், மருத்துவரை நாடுதற்கு நாணற்க. அவர் துணையும் திருவருள் காட்டும் வழியேயாம்.

இருள் விடியுங்காறும் இருக்கும். அதனுள் நமக்குத் துணையாவான் நம்மின் முன்னரே விழித்திருக்கின்றான் என்பதனை மறவாதிருப்போமாக.

திருச்சிற்றம்பலம்.