ஏழு பேர்ச்சுக்கு ஓர் உறுதி

அன்பின் தம்பிக்கு,

கம்பளைக்கு மேலேயுள்ள தோட்டத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் கொழும்புப் புடவைக் கடை வேலை போய் ஊர் திரும்பியதும், அம்மாவோடு சேர்ந்து மிளகாய்த்தூளும் கறித்தூளும் அரைத்துக் கம்பளைக் கடைகளுக்குக் கொடுத்து வருவதும் படித்தேன். பெரிய அரைவை இயந்திரம் ஒன்று வாங்கக் கடன் கேட்டபோது வங்கியில் முதலில் கேட்டது “காணி உறுதி இருக்கிறதா?” என்பதுதானாம். “நாட்டின் தொழில் சூழலைச் சீர்திருத்துகிறோம் என்று எல்லா அரசாங்கமும் சொல்கிறது. அது எங்கள் லயத்துக்கு எப்போது வரும்?” என்று முடித்திருந்தீர்கள். பதில் எழுத எனக்குப் பத்து நாள் பிடித்தது.

உலக வங்கி ‘டூயிங் பிஸ்னஸ்’ என்றொரு பட்டியல் வெளியிட்டு வந்தது. தொழில் தொடங்க எத்தனை நாள், எத்தனை கையெழுத்து என்று எண்ணி நாடுகளை வரிசைப்படுத்தும். 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் 190 நாடுகளில் இலங்கைக்கு 99ஆம் இடம். தரவுகளில் முறைகேடு வெளிப்பட்டு 2021இல் அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டுக்காக அவர்கள் அளந்தது கொழும்பை மட்டும். அந்தக் கொழும்பிலேயே ஓர் ஒப்பந்த வழக்கு முடிய 1,318 நாள் என்று கணக்கு. கம்பளைக் கடைக்காரர் ஒருவர் உங்கள் தூளுக்குக் காசு தராமல் இழுத்தடித்தால் வழக்குப் போட்டு வாங்குவதைவிட அந்தக் காசை மறந்துவிடுவதே மேல் என்றுதான் இதற்கு அர்த்தம்.

ஆனால் தொழில் சூழலை உருவாக்க நம் அரசுக்குத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பிரித்தானியர் காலத்தில் இதே மலையில் ஒருமுறை அரசு செய்து காட்டியிருக்கிறது. 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காணியெல்லாம் முடிக்குரியது என்றது. கண்டியச் சிங்களக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த காடுகள் அப்படிப் போயின. கோப்பித் துரைமாருக்கு ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு உறுதியோடு கிடைத்தன. உறுதியைக் காட்டிக் கடன் வாங்கினார்கள். தெரு வந்தது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். ஒரு தொழிலுக்கு அரசு செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அன்று செய்தது, துரைமாருக்காக.

மலை ஏறிக் காட்டை வெட்டிய நம் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கிடைத்த காகிதம் ‘துண்டு’. கடன் தீர்ந்தது என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் அந்தச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. அதை ஒழிக்க 1921 ஆகிவிட்டது. 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் நம்மவரின் பிரஜாவுரிமைக் காகிதத்தைப் பறித்தது. 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. கண்டிப் பக்கத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வெறுங்கையோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனதை என் வயதுக்காரர்கள் மறக்கமாட்டோம். 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளின் கைக்கு வந்தது. நிலம் அரசுக்கு, தோட்டம் கம்பனிக்கு. நீங்கள் பிறந்த லய அறை உங்களுக்குச் சொந்தம் என்று எழுதித்தர யாரிடம் போவது?

பிறகு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்றார்கள். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். ஏழு பேர்ச் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். அதற்கும் வீட்டோடு உறுதி கையில் வராதவர்கள் நிறையப் பேர். தோட்டப் பகுதிச் சீர்திருத்தம் அந்த உறுதியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

உறுதி வந்த மறுநாளே வங்கி கதவைத் திறந்துவிடும் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். உரிமைப் பத்திரம் இல்லாத ஏழையின் சொத்து செத்த மூலதனம், பத்திரம் கொடுத்தால் அதற்கு உயிர் வரும் என்று பெரு நாட்டுப் பொருளியலாளர் எர்னாண்டோ டி சோட்டோ எழுதினார். ஆர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் ஓரத்தில் ஒரே குடியிருப்பில் பத்திரம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். பத்திரம் கிடைத்தவர்களுக்குக் கடன் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் அவர்கள் வீட்டைத் திருத்திக் கட்டினார்கள், பிள்ளைகளை அதிகம் படிக்க வைத்தார்கள். எனக்கு அதுவே போதுமான காரணம்.

இயந்திரக் கடனுக்கு வேறு வழியும் உண்டு. வாங்கும் இயந்திரத்தையே ஈடாக வைக்கலாம். அசையும் பொருளை ஈடாக ஏற்க 2009இலேயே 49ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்க வங்கி இன்னும் காணியையும் பிணையாளரையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. நம் பெண்கள் கிழமைதோறும் தவணை கட்டும் நுண்கடனில் போய் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலையான விதியும் வேண்டும். 2021இல் இரசாயன உரத்தை ஒரே அறிவிப்பில் தடை செய்தார்கள், அந்த ஆண்டு முடியுமுன் விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் தேயிலைச் சிறுதோட்டக்காரரின் கொழுந்து குறைந்துவிட்டது. நல்ல நோக்கம் என்றாலும் ஒரே இராத்திரியில் மாறும் விதியை நம்பி யாரும் முதல் போடமாட்டார்கள்.

கடைசியாக மொழி. 1990களில் சின்ன அச்சகம் ஒன்றுக்குப் பெயர் பதிய ஓர் அலுவலகத்துக்குப் போனேன். படிவம் சிங்களத்தில் மட்டும். வாசலில் மேசை போட்டிருந்தவர் காசு வாங்கி நிரப்பித் தந்தார். என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. வங்கியில் அடையாள அட்டையோடு ஒத்துவரவில்லை. அதைத் திருத்த மூன்று மாதம் அலைந்தேன். அதற்குள் பாடசாலைத் தவணை அச்சு வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. அந்த மூன்று மாதம் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் கம்பளைக்குள் புகுந்து வடிந்த பிறகு, சேற்றைத் தள்ளிவிட்டுக் கடை திறந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதிவும் கணக்கும் இல்லாதவர் தன் நட்டத்தை எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிப்பார்? நீங்கள் அந்த நிலையில் நிற்கக்கூடாது.

ஆகவே அடுத்த கிழமையே பிரதேச செயலகத்துக்குப் போய் உங்கள் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள். தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. இல்லை என்று சொன்னால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தோடு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். அதன் பிரதி ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்