பாறுகள் கற்பிக்கும் பாடம்



ஓரிடத்தில் வாழும் உயிர்கள் யாவும் ஒன்றோடொன்று தொடர்புடையன. ஒன்றை மற்றொன்று உண்பது, ஒரே இரைக்கு இரண்டு போட்டியிடுவது, ஒன்றால் மற்றொன்று நன்மை பெறுவது என அத்தொடர்பு பலவகைப்படும். இதனை நம் நாட்டில் நிகழ்ந்த ஓர் உண்மையைக் கொண்டு காண்போம்.

பிணந்தின்னிக் கழுகு எனப்படும் பாறுகளைக் கண்டு மக்கள் அருவருப்பர், அபசகுனம் என்பர். அவை செய்த தொழில் யாது? ஊர்ப்புறத்தே இறந்து கிடந்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டு தொழிலாளர் சென்றபின், பாறுகள் கூட்டமாய் இறங்கி, சில நாழிகைக்குள் எலும்பு மட்டும் எஞ்சும்படி செய்தன. நோய்க்கிருமிகள் பலவற்றை அவற்றின் இரைப்பை அமிலம் அழித்தது. எஞ்சிய எலும்பைப் பொறுக்கி விற்று ஏழைகள் பிழைத்தனர்.

1990-களில் பாறுகள் மடியத் தொடங்கின. 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஒன்றே எஞ்சிற்று. 2004-இல் காரணம் வெளிப்பட்டது. மாட்டின் வலி தணிக்கக் கொடுக்கப்பட்ட டைக்குளோபினாக் என்னும் மருந்தே அது. அம்மருந்து உடலில் இருக்க இறந்த மாட்டைத் தின்ற பாறுகள், சிறுநீரகம் கெட்டுச் சில நாட்களில் மாண்டன.

பாறுகளின் இரை நாய்களுக்கு ஆயிற்று. நாய்கள் பெருகின, அவற்றோடு வெறிநாய்க்கடி அச்சமும் பெருகிற்று. பிணங்கள் அழுகி நீரைக் கெடுத்தன. பாறுகள் மறைந்தமையால் 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் மிகுதியாக இறந்தனர் என்று 2024-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டுள்ளது.

நாம் பஞ்சாலையில் உழைத்த காலத்தில், பஞ்சுத் தூசி கூட்டுவோரை எவரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. ஒருமுறை அவர்கள் இரண்டு நாள் வரவில்லை. இயந்திரங்களில் தூசி அடைந்தது. நூல் அறுந்தவண்ணம் இருந்தது. அன்றுதான் அவர்தம் அருமை விளங்கிற்று. இழிவென்று ஒதுக்கப்பட்ட தொழிலே பிறர் தொழிலைத் தாங்கி நின்றது. பாறுகளின் கதையும் இதுவேயன்றோ?

கால்நடைகளுக்கு டைக்குளோபினாக் கொடுப்பதை அரசு 2006-இல் தடுத்தது. கீட்டோபுரோபன், அசிகுளோபினாக் ஆகியவற்றை 2023-இல் தடுத்தது. எனினும் பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும்; ஆதலின் இழந்தது எளிதில் மீளாது. மாடு வளர்ப்போர் மருத்துவரிடம் பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகம் மருந்தைக் கேட்டுப் பெறுக. நாயைக் கொல்ல எண்ணிப் பிணத்தில் நஞ்சு வைப்பதை விடுக. அந்நஞ்சு நாயோடு நில்லாது.

எந்த உயிரையும் வேண்டாதது என்று கூறுமுன், அது செய்யும் பணியை அறிவோமாக.