கிட்டார் பலகையில் ஒரு சரிவகம்

"சரிவகத்தின் மூலைவிட்டங்கள் எங்கே வெட்டிக்கொள்ளும்?" என்று 10ஆம் வகுப்பில் கேட்டால், "நடுவில்" என்றே பலர் சொல்கிறார்கள். இணைகரத்தின் பண்பைச் சரிவகத்துக்கும் பொருத்திவிடுவதே காரணம். இதைத் தெளிவாக்க நான் பயன்படுத்தும் செயல்பாடு, கிட்டாரில் பொட்டுப் பதிக்கும் வேலையிலிருந்து பிறந்தது.

பின்னணி

கிட்டாரின் விரற்பலகையில் குறுக்கே மெல்லிய உலோக மெட்டுகள் உள்ளன. வாசிப்பவர் இடம் அறிவதற்காக 3, 5, 7, 9ஆம் இடங்களில் ஒவ்வொரு பொட்டும், 12இல் இரு பொட்டுகளும் பதிப்பது வழக்கம். நைலான் கம்பிக் கிட்டார்கள் பலவற்றின் பலகை முகப்பில் இவை இருப்பதில்லை. விரும்புவோர் பின்னர் பதித்துக்கொள்கிறார்கள்.

3ஆம் பொட்டு என்பது 2, 3ஆம் மெட்டுகளின் இடைவெளிக்கு நடுவில் வர வேண்டும். அந்த இடைவெளியில் இரு மூலைவிட்டங்களைப் பென்சிலால் வரைந்து, வெட்டும் புள்ளியில் 6 மி.மீ. அகலமும் சுமார் 2 மி.மீ. ஆழமும் உள்ள குழி துளைப்பார்கள். அதில் சிப்பி வட்டைப் பசையிட்டுப் பதித்து, உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்வார்கள். தவறான இடத்தில் துளைத்துவிட்டால் மறைப்பது கடினம். எனவே, அந்தப் புள்ளி உண்மையில் நடுப்புள்ளிதானா என்பது பொருளுள்ள கேள்வி.

செயல்பாடு 1

இணைபக்கங்கள் 4 செ.மீ., 12 செ.மீ., உயரம் 8 செ.மீ. கொண்ட இருசமபக்கச் சரிவகத்தை மாணவர்கள் வரையட்டும். மூலைவிட்டங்கள் குறுகிய பக்கத்திலிருந்து 2 செ.மீ. தொலைவிலேயே வெட்டும், நடுப்புள்ளியோ 4 செ.மீ. தொலைவில் இருக்கும். காரணத்தை அவர்களே கண்டறியட்டும்: இணைபக்கங்களை அடியாகக் கொண்ட இரு முக்கோணங்கள் வடிவொத்தவை, எனவே உயரங்களும் 4 : 12, அதாவது 1 : 3 என்ற விகிதத்தில் அமைகின்றன.

செயல்பாடு 2

இனி கிட்டாருக்கு வருவோம். பலகை உச்சியில் குறுகி, உடல் பக்கம் சற்றே அகலும். கம்பி நீளம் 650 மி.மீ. எனில் 2, 3ஆம் மெட்டுகளின் இடைவெளி 32.5 மி.மீ. அங்கே பலகையின் அகலங்களை 54, 55 மி.மீ. எனக் கொள்வோம். வெட்டும் புள்ளி குறுகிய பக்கத்திலிருந்து 32.5 × 54 ÷ 109 = 16.10 மி.மீ.; நடுப்புள்ளி 16.25 மி.மீ. வேறுபாடு 0.15 மி.மீ. மட்டுமே. கைவினைஞரின் முறை கணிதப்படி துல்லியமன்று. ஆனால் அந்த வேலைக்குப் போதுமானது. அளந்து பார்ப்பதற்கும் நிறுவுவதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் இங்கே உணர்கிறார்கள்.

செயல்பாடு 3

மெட்டுக்கு மெட்டு, மீதமுள்ள கம்பி நீளம் ஏறத்தாழ 0.944 மடங்காகிறது: 650, 613.5, 579.1, 546.6. இது கூட்டுத் தொடர்வரிசையா, பெருக்குத் தொடர்வரிசையா? மாணவர்கள் அடுத்தடுத்த எண்களைக் கழித்தும் வகுத்தும் பார்த்து முடிவு செய்யட்டும்.

வகுப்பறைக்கு

கிட்டார் தேவையில்லை. நீண்ட அட்டையில் மெட்டுகளைக் கோடுகளாக வரைந்து, வட்ட ஒட்டுத்தாளைப் பொட்டாக ஒட்டினால் போதும். துளைக்கும் வேலையை மாணவர்களிடம் தர வேண்டாம்.

மதிப்பீடு

அதே 32.5 மி.மீ. இடைவெளியில், குறுகிய பக்கம் 54 மி.மீ. எனில், வெட்டும் புள்ளி நடுவிலிருந்து 1 மி.மீ. விலக மறுபக்கம் எவ்வளவு இருக்க வேண்டும்? விடை சுமார் 61 மி.மீ. சமன்பாட்டைத் தாமே அமைத்து இதைக் கண்டவர்கள், விகிதத்தை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொண்டார்கள் என்று கொள்ளலாம்.