'டேக்' என்றால் 'எடு' மட்டும்தானா?

சென்ற மழைக்காலத்தில், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சிற்றூருக்கு நம் அறக்கட்டளை சார்பில் போர்வை கொடுக்கப் போயிருந்தோம். ஒரு வீட்டு மாடத்தில் இரண்டு புட்டிகள் ஒட்டி ஒட்டி நின்றன. ஒன்று இருமல் மருந்து, மற்றது மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலம். தைலப் புட்டியில் சிவப்பு எழுத்தில் 'நாட் டு பி டேக்கன்' என்று இருந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரனிடம் அதன் பொருளைக் கேட்டேன்.

"எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. அதான் அந்த இடத்தை விட்டு யாரும் எடுக்கிறதில்ல" என்றான்.

"ராத்திரி இருட்டுல மோந்து பாத்துதான் குடிப்பேன் பாய்" என்றார் அவனுடைய ஆயா.

பையன் படித்ததில் எழுத்துப் பிழை ஏதுமில்லை. டேக் என்றால் எடு, நாட் என்றால் கூடாது. கூட்டினால் அவன் சொன்னதுதான் வரும். ஆனால் மருந்துப் புட்டியில் டேக் என்பதற்கு உட்கொள்ளுதல் என்று பொருள். 'இதைக் குடிக்காதே' என்ற எச்சரிக்கை அந்த வீட்டில் 'இதை இடம் மாற்றாதே' என்று ஆகிவிட்டது. தைலத்தை வேறு மாடத்தில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தோம். ஞாயிறு ஆங்கில வகுப்பில் ஒரு வாரம் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்கே ஒதுக்கியதற்கு அதுதான் காரணம். அன்று நடந்ததைப் பெற்றோர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகளிடம் நம் 'எடு' பற்றிக் கேட்டேன். படம் எடுக்கிறோம், மார்க் எடுக்கிறோம், பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறான், பாம்பு படம் எடுக்கிறது. கையால் தூக்குவது இவற்றில் எங்கே இருக்கிறது? பேசும்போது நாம் யாரும் குழம்புவதில்லை. ஏனென்றால் 'எடு' என்பதைத் தனியாகக் கேட்பதில்லை, பக்கத்துச் சொல்லோடு சேர்த்தே கேட்கிறோம். டேக்கையும் அப்படித்தான் படிக்க வேண்டும். ஃபோட்டோவோடு வந்தால் நம் எடுதான். பஸ்ஸோடு வந்தால் ஏறிப் போவது. சீட்டோடு வந்தால் உட்காருவது. டீப் பிரெத்தோடு வந்தால் மூச்சை இழுத்து விடுவது. மாத்திரையோடு வந்தால் விழுங்குவது. தமிழில் மாத்திரையைப் 'போடுகிறோம்' என்பதால் ஒரு மாணவி 'புட் த டேப்லெட்' என்று எழுதியிருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தேர்வு விஷயம் இன்னும் சுவையானது. மலையிலிருந்து வரும் பிள்ளைகள் 'ரைட் த எக்ஸாம்' என்கிறார்கள், தமிழில் தேர்வு எழுதுகிறோம் அல்லவா? வாணியம்பாடிப் பக்கத்து உருது வீட்டுப் பிள்ளைகள் 'கிவ் த எக்ஸாம்' என்கிறார்கள், உருதுவில் இம்திஹானைக் கொடுப்பதுதான் வழக்கம். ஆங்கிலேயருக்கோ அது 'டேக்'. எழுதுவது, கொடுப்பது, எடுப்பது என்று மூன்று மொழியில் மூன்று வினை. பரீட்சை ஒன்றுதான், பயமும் ஒன்றுதான்.

நேரத்தைச் சொல்லும் டேக்கை மட்டும் பலமுறை பழக்க வேண்டியிருந்தது. 'ஹவ் லாங் டஸ் இட் டேக்?' என்று கேட்டால் எவ்வளவு நேரம் ஆகும் என்று பொருள். இதில் நீளமும் இல்லை, எடுப்பதும் இல்லை. நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளையிடம் 'வீட்டிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும்' என்று இப்படித்தான் கேட்பார்கள். 'இட் டேக்ஸ் டூ அவர்ஸ்' என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

பிரிங், டேக் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் பெரிதாக்கிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தேவையே இல்லை. கொண்டு வா என்பது பிரிங், கொண்டு போ என்பது டேக். தமிழ்ப் பிள்ளைக்கு அது முன்பே தெரியும்.

கடினம் எங்கே என்றால், டேக்கின் பின்னால் ஒட்டும் சிறு சொற்களில்தான். டேக் ஆஃப் என்றால் செருப்பைக் கழற்றுவது. விமானம் தரையை விட்டுக் கிளம்புவதும் அதுவே. டேக் ஆஃப்டர் என்றால் ஜாடையிலோ குணத்திலோ தாய் தந்தையைப் போல இருப்பது. டேக் ஓவர் என்றால் பொறுப்பை ஏற்பது. டேக் ஆன் என்றால் வேலைக்குச் சேர்த்துக்கொள்வது, எதிர்த்து நிற்பதற்கும் அதையே சொல்வார்கள். இதைப் பார்த்து ஒரு பையன், "இதுக்கு ஒரு சட்டமே இல்லையா சார்?" என்று அலுத்துக்கொண்டான்.

மதரஸாவில் நானும் அப்படி அலுத்துக்கொண்டவன்தான். அரபு வினை வாய்பாட்டின் முதல் பாடம் 'ளரப'. அடித்தான் என்று மனப்பாடம் செய்தோம். பிறகு பார்த்தால் உவமை சொல்வதற்கும் அதே வினை, நாணயம் அச்சடிப்பதற்கும் அதே வினை, கணக்கில் பெருக்குவதற்கும் அதே வினை. 'ஃபீ' என்ற இடைச்சொல்லோடு பூமியும் சேர்ந்தால் பயணம் போவது. 'ரகிப' என்ற வினை இன்னும் ஒரு படி மேல். அதோடு 'ஃபீ' வந்தால் விரும்பினான், 'அன்' வந்தால் வெறுத்து ஒதுங்கினான். ஒட்டும் சிறு சொல் மாறினால் பொருள் நேர் எதிராகிவிடுகிறது. அப்போது எங்கள் உஸ்தாத் செய்யச் சொன்னதையே நான் இந்தப் பிள்ளைகளுக்கும் சொன்னேன். வினையைத் தனியாக எழுதாதே, ஒட்டும் சொல்லோடு ஒரு முழு வாக்கியமாக எழுது. சட்டம் தேடி நாளைக் கழிப்பதை விட, நாளுக்கு இரண்டு வாக்கியம் எழுதுவது பலன் தரும்.

இந்த டேக் ஆங்கிலத்துக்கே பிறவிச் சொல் அல்ல. இங்கிலாந்தில் குடியேறிய வடநாட்டு வைக்கிங் மக்களின் 'டாகா' என்ற சொல்லிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் எடு என்பதற்கு 'நிமன்' என்றார்கள். வந்த சொல் நிலைத்தது, இருந்த சொல் மறைந்தது. சர்க்கரை நோயாளியிடம் 'கால் நம்ப்பாக இருக்கிறதா' என்று கேட்பார்களே, மரத்துப்போனது என்ற அந்த 'நம்ப்', பழைய நிமனின் மிச்சம்தான். உணர்வு எடுக்கப்பட்டது என்பது அதன் உட்பொருள்.

தோல், காலணித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளப் பேச்சில் 'டேக் ஹோம்' என்ன என்று கேளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கையில் வரும் தொகை அதுதான். முதலில் சொல்லப்படும் பெரிய தொகையை நம்பி வீட்டுக்கு இவ்வளவு அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, முதல் மாதமே தலைகுனிந்து நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மருந்துக்குத் திரும்புவோம். 'டேக் ஆன் அன் எம்ப்டி ஸ்டமக்' என்றால் வெறும் வயிற்றில். 'டேக் வித் ஃபுட்' என்றால் உணவோடு. 'ஃபார் எக்ஸ்டெர்னல் யூஸ் ஒன்லி' என்பதில் டேக் என்ற சொல்லே இல்லை, ஆனாலும் அதன் பொருள் மேலே பூச மட்டும், குடிக்கக் கூடாது என்பதுதான். ஐயம் இருந்தால் ஊகிக்க வேண்டாம், மருந்துக்கடைக்காரரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு ஒவ்வொரு மாணவரும் வீட்டிலுள்ள மருந்துகளின் காலி அட்டையையோ, புட்டியில் உள்ள எழுத்தை அப்படியே பார்த்தெழுதிய தாளையோ கொண்டுவர வேண்டும். புட்டியைக் கொண்டுவர வேண்டாம். அந்த ஏழாம் வகுப்புப் பையனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். காலை பஸ்ஸைப் பிடித்தால் பத்து மணிக்குள் வந்துவிடலாம்.