பாட்டில் கணக்கு ஆள் கணக்கு ஆகாது

தீபாவளி முடிந்ததும் டாஸ்மாக் விற்பனைத் தொகை செய்தியில் வந்துவிடும். உடனே தர்மபுரி மாவட்டத்து அரூரிலும் பாலக்கோட்டிலும் அதே பேச்சு: "நம்ம மாவட்டத்துல பத்துக்கு எட்டு ஆம்பள குடிக்கு அடிமை." படித்தவர்களும் மேடையேறி இதையே சொல்கிறார்கள். யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

விற்பனையை வைத்து ஆளை எண்ண முடியாது. பத்துப் பேர் ஆளுக்கொரு குவார்ட்டர் வாங்கினாலும், ஒருவரே பத்து வாங்கினாலும் கடைக் கணக்கில் பத்துதான். எந்த ஊரிலும் சரக்கில் பெரும்பங்கைக் குடித்துத் தீர்ப்பவர்கள் கொஞ்சப் பேர். ஒகேனக்கலுக்கு வந்த வெளியூர்க்காரர் வாங்கியது நம் கணக்கில் ஏறும். பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் பென்னாகரத்துக்காரர் அங்கே குடிப்பது ஏறாது. கள்ளச்சாராயமோ எந்தக் கணக்கிலும் வராது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலிகொண்ட சாராயம் எந்த டாஸ்மாக் பதிவேட்டில் இருந்தது?

அதைவிடப் பெரிய குழப்பம், குடிப்பவரையும் குடிநோயாளியையும் ஒன்றாக்குவது. எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின் அறிக்கை 2019இல் வந்தது. 10 முதல் 75 வயதுவரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர் குடிக்கிறார்கள், ஆண்களில் 27.3. அடிமையானவர்கள் 2.7 சதவீதம். அதாவது, குடிப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. இந்த நாட்டுச் சராசரியையும் 2011 கணக்கெடுப்பில் தர்மபுரியில் இருந்த 15 லட்சம் பேரோடு பெருக்கி மாவட்டக் கணக்கு என்று போஸ்டர் ஒட்டாதீர்கள்.

"கூட்டிச் சொன்னாத்தான் அரசு அசையும்" என்கிறார்கள். அசைவதில்லை. "எல்லாரும்தானே குடிக்கிறாங்க" என்று வீட்டில் இருப்பவர்கள், காலையில் கை நடுங்கும் கணவரைக்கூட மருத்துவமனைக்கு அழைத்து வராமல் விட்டுவிடுகிறார்கள். அதுதான் நடக்கிறது.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டை நம்பலாமா? கூடாது. அதே எய்ம்ஸ் ஆய்வில், அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார். சாவுக் கணக்கும் உதவாது. கல்லீரல் சுருக்கச் சாவுகளிலிருந்து குடிநோயாளிகளைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்றைக் குடிநோய் ஆய்வாளர் ஜெல்லினெக் தந்தார். 1959இல் அவரே அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்.

யார் குடிநோயாளி என்பதிலும் குழப்பம் உண்டு. பீர் மட்டும் குடித்தால் அடிமையாக மாட்டார்கள் என்பது தவறு. ஒழுங்காக வேலைக்குப் போகிறவர் குடிநோயாளி அல்ல என்பதும் தவறு. பெண்களில் யாரும் இல்லை என்பதும் அப்படியே.

சரியாக எண்ண வழி இருக்கிறது. பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம், வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அதோடு உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' பத்துக் கேள்விகளையும் ஏன் கேட்கக் கூடாது? மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே கவனிக்க வேண்டியவர். சித்தேரி மலையிலிருந்து தர்மபுரி நகரம்வரை குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். ஆளைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். மனைவி, பிள்ளைகள் முன்னால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். பெயர் வெளியே போகாது என்ற உறுதியை முதலிலேயே கொடுங்கள். மாவட்ட நிர்வாகம் இதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.